ஜெராக்ஸ் கடையில கெடைக்காத ப்ராஜெக்ட்

ஏழு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம், மஞ்சக்குப்பத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில நின்னுட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா, மீன் வித்து முடிச்சிட்டு நேரா வந்திருக்காங்க, காலி அன்னக்கூடை கால்கிட்ட இருக்கு, இடுப்புல சொருகியிருந்த சுருக்குப்பையில இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து கடைக்காரப் பையன்கிட்ட நீட்டினாங்க. "காற்று மாசுபாடு, 12 படம், கலர்"னு எழுதியிருக்கு. அந்தப் பையன் சீட்டைப் பாத்ததும் "ஓ இதுவாக்கா, மத்தியானத்துலேர்ந்து இதே படந்தான் போட்டுட்டு இருக்கேன்"னு சொல்லிட்டு கம்ப்யூட்டர்ல ரெடியா வெச்சிருந்த ஃபோல்டரைத் தெறந்து பன்னெண்டையும் ஒரே தட்டா தட்டி விட்டுட்டான். 120 ரூபா. அந்தம்மா பத்து பத்து ரூபாயா எண்ணிக் குடுத்தாங்க, நோட்டெல்லாம் ஈரம்.

அந்த ப்ராஜெக்ட் குடுத்த டீச்சர் நான்தான்.

மறுநாள் என் டேபிள் மேல 36 சார்ட். எல்லாத்துலயும் அதே புகைபோக்கி, அதே மாஸ்க் போட்ட பூமி உருண்டை, அதே லாரி. தலைப்பு மட்டும் ஒவ்வொரு புள்ள ஒவ்வொரு ஸ்கெட்ச் கலர்ல எழுதியிருந்தது. எங்க ஸ்கூல் கடலூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பாதிப் புள்ளைங்க மீனவர் குப்பத்துலேர்ந்து வரவங்க, மீதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ சிப்காட் தொழிற்பேட்டையில ஏதோ ஒரு கம்பெனில கான்ட்ராக்ட் வேலை. சிப்காட் காத்து ராத்திரில எப்படி நாறும், எந்த நேரத்துல நாறும், எந்தப் பக்கம் காத்தடிச்சா எந்தத் தெருவுக்கு வரும்னு என்னைவிட நல்லாத் தெரிஞ்ச புள்ளைங்க அவங்க. ஆனா 36 சார்ட்ல ஒண்ணுல கூட சிப்காட் இல்ல. வேற எங்கயோ வெளிநாட்டுப் புகைபோக்கிதான் இருந்தது. தப்பு புள்ளைங்க மேல கெடையாது, நான் கேட்ட கேள்விக்கு ஜெராக்ஸ் கடையில பதில் கெடைச்சது, அதை வாங்கிட்டு வந்துட்டாங்க, அவ்ளோதான்.

அன்னிக்கிலேர்ந்து எனக்கு நானே ஒரு விஷயத்தை வெச்சுக்கிட்டேன். ஒரு வேலை குடுக்கறதுக்கு முன்னாடி, இது ஜெராக்ஸ் கடையில கெடைக்குமான்னு யோசிப்பேன். கெடைக்கும்னா அந்த வேலையைக் குடுக்க மாட்டேன்.

நெறைய பேர், முக்கியமா புதுசா வேலைக்கு வர டீச்சர்ஸ், என்கிட்ட கேக்கறது இதுதான். உங்க ஸ்கூல்ல நெட்டு சரியா வராது, ஸ்மார்ட் போர்டு வேலை செஞ்சா கரண்ட் இருக்காது, கம்ப்யூட்டர்னு பேருக்கு ஒண்ணு இருக்கு, இதுல எப்படி மேடம் புள்ளைங்களை கிரியேட்டிவா யோசிக்க வைக்கறீங்கன்னு. இல்லாததே நல்லதுன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்க புள்ளைங்களுக்கு நல்ல லேப் வேணும், விடாம வர நெட் வேணும், டவுன்ல பெரிய ஸ்கூல்ல படிக்கிற புள்ளைக்கு என்னல்லாம் கெடைக்குதோ அதெல்லாம் இவங்களுக்கும் கெடைக்கணும், அதுக்காக கிராம சபையிலயும் எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) மீட்டிங்லயும் வருஷா வருஷம் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். ஆனா அது வர வரைக்கும் இந்த வருஷத்து ஏழாங்கிளாஸ் புள்ள காத்துக்கிட்டு இருக்க முடியாதுல்ல, அது அடுத்த வருஷம் எட்டாவது போயிடும்.

ஜெராக்ஸ் மெஷினை விட பெரிய ஜெராக்ஸ் ஒண்ணு புள்ளைங்க கைக்குள்ளயே இருக்கு, அதைப் பத்தி சொல்றேன்.

எந்த கிளாஸ்ல வேணா போயி "இயற்கைக் காட்சி வரை"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டு முக்கோண மலை, நடுவுல அரை சூரியன், அதுலேர்ந்து குச்சி குச்சியா கதிர், மலையிலேர்ந்து இறங்கி வர ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னமரம், வானத்துல டிக் மார்க் மாதிரி நாலு பறவை. நான் படிக்கும்போது வரைஞ்சேன், என் அக்கா வரைஞ்சாங்க, இப்ப என் கிளாஸ்ல தேவனாம்பட்டினம் பக்கத்துலேர்ந்து வர புள்ளையும் அதையேதான் வரையறா. தெனம் காலைல வாசல்ல பல் தேய்க்கும்போது கடல்லேர்ந்து சூரியன் வரதைப் பாக்கற புள்ளைங்க அது! நம்ம ஊர்ல மலைன்னா கேப்பர் மலைதான், அது செம்மண் மேடு, மேல தட்டையா இருக்கும், முக்கோணமாவும் இருக்காது, அதுக்கு நடுவுலேர்ந்து சூரியனும் வராது. கண்ணால தெனம் பாக்கறது ஒண்ணு, பேப்பர்ல வரது ஒண்ணு. ஏன்னா படம்னா இப்படித்தான் இருக்கணும், டீச்சருக்கு இப்படி இருந்தாதான் புடிக்கும்னு எப்பவோ அது மனசுல பதிஞ்சு போச்சு.

இதுல நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லணும். ஆறாவதுல ஒரு பையன் கடல் வரைஞ்சு அதுக்கு பிரவுன் கலர் அடிச்சிருந்தான். நான் நோட்டைப் பாத்துட்டு "கடலு நீலம்டா, பாத்துப் போடு"ன்னு சொல்லிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டேன். அவனும் ஒண்ணும் சொல்லாம மேலேயே நீலத்தை அடிச்சிட்டான், பேப்பரே கிழிஞ்சு போற அளவுக்கு. அப்பறம் மத்தியானம் சத்துணவு சாப்பிட்டு கை கழுவும்போது என் பக்கத்துல வந்து நின்னு மெதுவா, "டீச்சர், ஆத்துத் தண்ணி வந்து கலந்தா கடலு செம்மண்ணாதான் இருக்கும், எங்கப்பா அப்ப போட்டை எறக்க மாட்டாரு"ன்னான். அது ஐப்பசி மாசம், கெடிலத்துல தண்ணி ஓடிட்டு இருந்த நேரம். அவன் அன்னிக்குக் காலைல பாத்த கடலை வரைஞ்சிருக்கான், நான் அதை அழிக்க வெச்சிருக்கேன். இன்னிக்கும் அந்த நோட்டோட பக்கம் எனக்கு ஞாபகம் இருக்கு. அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன், மறுநாள் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் அவனையே எழுந்து நின்னு கடல் எப்பெப்ப என்னென்ன கலர்ல இருக்கும்னு சொல்லச் சொன்னேன். ஒரு பீரியட் பூரா ஓடிச்சு, அவன் சொல்ல மத்த புள்ளைங்க "இல்லடா, மத்தி வரும்போது வேற மாதிரி இருக்கும்"னு சண்டைக்கு வர, நான் போர்டுல எழுதிக்கிட்டே இருந்தேன், எனக்கு அதுல ஒண்ணு கூட முன்னாடி தெரியாது.

எனக்குப் பதில் தெரியாத கேள்வியாக் கேக்கணும், அந்தப் புள்ளைகிட்ட மட்டும்தான் பதில் இருக்கணும். அப்பதான் அது சொந்தமா யோசிக்கும். இதுக்கு கம்ப்யூட்டர் தேவையில்ல, ஆனா டீச்சருக்கு கொஞ்சம் தைரியம் தேவைப்படுது.

மழை பாட்டில் கதையைச் சொல்றேன், ஏன்னா இதுதான் எங்க ஸ்கூல்ல அதிக நாள் ஓடின வேலை. வடகிழக்குப் பருவமழை வரதுக்கு முன்னாடி ரெண்டு லிட்டர் கூல்ட்ரிங்ஸ் பாட்டில் ஒண்ணு எடுத்து, மேல கழுத்து வளையறதுக்குக் கீழ நேரா வர எடத்துல கத்திரியால வெட்டி, வெட்டின தலையைக் கவுத்து அதுலயே புனல் மாதிரி சொருகி வெச்சா மழைமானி ரெடி. ஆனா பாட்டில் அடி மேடு பள்ளமா இருக்கும், அங்க அளக்க முடியாது, அதனால கூழாங்கல் கொஞ்சம் போட்டு, கல்லு மறையற வரைக்கும் தண்ணி ஊத்தி, அந்த மட்டத்துல ஒரு கோடு போட்டு அதைத்தான் பூஜ்யமா வெச்சுக்கணும். வெளிய ஒரு பேப்பர் ஸ்கேல் ஒட்டி மேல செல்லோ டேப் சுத்திட்டா நனையாது. வானிலை மையம் காலைல எட்டரை மணிக்குத்தான் 24 மணி நேர மழையைக் கணக்கெடுப்பாங்க, அதனால நாமளும் எட்டரைக்குத்தான் பாக்கணும்னு சொன்னேன். மழை நாள்ல ஸ்கூலுக்கு லேட்டா வர புள்ளைங்கல்லாம் எட்டேகாலுக்கே வந்து கேட்டுக்கு வெளிய நிக்க ஆரம்பிச்சாங்க.

மூணாவது நாள் ஒரு பையன் கேட்டான், "டீச்சர், இந்தப் பாட்டிலுக்கு பதிலா பெரிய டிரம்மு வெச்சா அதிக மழைன்னு காட்டுமா?" எனக்கு பதில் தெரியும், வாய் வரைக்கும் வந்துடுச்சு, முழுங்கிட்டு "தெரியலையே, என்னா பண்ணலாம்?"னு கேட்டேன். அடுத்த நாள் மூணு விதமான டப்பா வந்துடுச்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பெயிண்ட் பக்கெட், டீக்கடையில வாங்கிட்டு வந்த ஒரு சதுர எண்ணெய் டின், மேல்பக்கம் வெட்டினது. ஒரு மழைக்கு எல்லாத்தையும் வெளிய வெச்சோம். எண்ணெய் டின்னுலயும் நம்ம பாட்டில்லயும் ஏறக்குறைய ஒரே உசரம் வந்தது, பெயிண்ட் பக்கெட்ல வேற வந்தது, ஹார்லிக்ஸ் பாட்டில்ல ரொம்பவே கம்மி. ஏன்னு ரெண்டு நாள் சண்டை. கடைசில ஒரு பொண்ணுதான் பக்கெட்டைக் கையில எடுத்து, "இது கீழ சிறுத்து மேல அகலமா இருக்குது டீச்சர், வாங்கறது பெரிய வாய், ரொம்பறது சின்ன அடி"ன்னு சொன்னா. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அதையே திருப்பிப் போட்டு அடுத்த பெஞ்சுக்காரன் சொல்லிட்டான். நேரா இருக்கற பாத்திரம்னா அகலம் எவ்ளோன்னாலும் உசரம் ஒண்ணாதான் இருக்கும்னு அவங்களே வந்துட்டாங்க. நான் போர்டுல எழுதிக் குடுத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், அடுத்த வாரம் மறந்தும் போயிருக்கும்.

அதுக்கப்பறம் கணக்கு தானா உள்ள வந்துடுச்சு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். எங்க கிளாஸ் ரூம் மொட்டை மாடி 6 மீட்டருக்கு 8 மீட்டர், பத்து மில்லிமீட்டர் பெஞ்சாலே 480 லிட்டர். "அந்த 480 லிட்டர் எங்க டீச்சர் போவுது?"ன்னு கேட்டா ஒருத்தி. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு பாடத்துல படிச்சிருக்காங்க, எங்க ஸ்கூல்லயும் பைப்பு இருக்கு. பைப்பைப் புடிச்சிட்டே போயிப் பாத்தா கீழ தொட்டிகிட்ட வேப்ப எலையும் மண்ணும் அடைச்சு எப்பவோ கெட்டியாகிப் போயிருக்கு. ஏழு பேர் சேந்து தோண்டினாங்க, ஹெச்.எம். பாத்துட்டு மொதல்ல திட்டினாரு, அப்பறம் அவரே மண்வெட்டி எடுத்துட்டு வந்தாரு. திரும்ப அடைக்காம இருக்க பழைய கொசுவலையை ஒரு வளையத்துல கட்டி மேல பைப் வாயில மாட்டணும்னு யோசனை சொன்னது ஒரு பையன், அந்த வளையம் கழுத்து உடைஞ்ச பிளாஸ்டிக் குடத்தோட வாய்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு இல்லையா, அப்ப எங்க ஸ்கூல் பாட்டில் காத்துல எங்க போச்சுன்னே தெரியல. அப்பறம் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணைல வந்து ஊரே பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், ஸ்கூல் தெறக்க சில நாள் ஆச்சு. தெறந்த அன்னிக்கு ஒரு பையன் கையில ஒரு மூங்கில் குச்சியோட வந்தான். குச்சியில கத்தியால போட்ட எட்டு வெட்டு. வீட்டு மாடியில எண்ணெய் டின்னை ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல வெச்சு, சனிக்கிழமை காலைலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் முடிஞ்சப்பல்லாம் மாடிக்குப் போயி குச்சியை விட்டு ஈரம் ஏறின எடத்துல ஒரு வெட்டு போட்டிருக்கான். ராத்திரி போன் சார்ஜ் இல்ல, லைட் இல்ல, பேப்பர்ல எழுதினா நனைஞ்சிடும், அதனால குச்சி. எந்த வெட்டுக்கும் எந்த வெட்டுக்கும் நடுவுல எடம் பெருசா இருக்கோ அப்பதான் மழை பேயா பேஞ்சதுன்னு வெரலை வெச்சுக் காமிச்சான். அவங்கம்மா திட்டினாங்களாம், நானும் அன்னிக்கு மாடிக்குப் போனதுக்குத் திட்டத்தான் செஞ்சேன், புயல்ல வெளிய போகக் கூடாதுன்னு எல்லாருக்கும் கண்டிப்பா சொன்னேன். ஆனா அந்தக் குச்சி இப்பவும் என் பீரோவுல இருக்கு. பாண்டிச்சேரில அந்த ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சுதுன்னு நியூஸ்ல வந்ததைச் சொன்னப்ப புள்ளைங்க உடனே கணக்குப் போட்டாங்க, நம்ம பாட்டில்ல நேரா இருக்கற பாகம் 20 சென்டிமீட்டர்தான், "ரெண்டு தடவ ரொம்பி வழிஞ்சிருக்கும் டீச்சர்". 46ங்கற நம்பர் நியூஸ் பாத்த எனக்கு வெறும் நம்பரா இருந்தது, அவங்களுக்கு அப்படி இல்ல.

நிழல் வேலை இன்னும் சுலபம், காசே ஆகாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மத்தியானம் கொடிக்கம்பத்தோட நிழல் நுனி எங்க விழுதோ அங்க ஒரு செங்கல் துண்டு வைக்கணும், அவ்ளோதான். ஜூன்ல ஸ்கூல் தெறந்து ஆரம்பிச்சப்ப நிழல் தெக்குப் பக்கம் விழுந்துச்சு. ஜூலையிலயும் தெக்கு. ஆகஸ்ட்ல சுருங்கிக்கிட்டே வந்து, 21, 22 தேதி வாக்குல நம்ம ஊர்ல மத்தியானம் 12 மணி 10, 15 நிமிஷத்துக்கு சூரியன் நேர் உச்சிக்கு வரும், அப்ப நேரா நிக்கற எதுக்கும் பக்கத்துல நிழல் விழாது. சில்வர் டம்ளர், பாட்டில், சாக்பீஸ்னு எல்லாத்தையும் தரையில நிக்க வெச்சு 38 பேரும் குத்த வெச்சு உக்காந்து பாத்தாங்க, டம்ளரைச் சுத்தி நிழலே இல்லாம அது ஏதோ தரையில ஒட்ட வெச்ச படம் மாதிரி இருந்துச்சு. அதுக்கப்பறம் நிழல் வடக்குப் பக்கம் போயிடும். ஏப்ரல் 20, 21 வாக்குல திரும்ப ஒரு தடவ இதே மாதிரி வரும். எனக்கு சயின்ஸ் எடுக்கறதுல 17 வருஷ சர்வீஸ், மத்தியான நிழல் தெக்க விழும்னு கண்ணால பாத்தது அந்த வருஷம்தான். ஒரு பையன் மட்டும் கடைசி வரைக்கும் தன் நிழல் காலுக்கடியில போயிடுச்சான்னு ஒத்தக் காலைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு இருந்தான், "தூக்கினா கீழ இருக்குது டீச்சர், இறக்கினா ஒளிஞ்சிக்குது"ன்னான். அதை அப்படியே தமிழ் நோட்டுல எழுதச் சொன்னேன்.

இப்ப கூத்துக்கு வரேன். இதுல எனக்கு ரொம்ப ஆசை.

நம்ம கடலூர், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து இன்னும் உசுரோட இருக்கு, பங்குனி, சித்திரை வந்தா ஏதாவது ஒரு ஊர்ல விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். என் கிளாஸ்ல ஒரு பையனோட தாத்தா கூத்து வாத்தியார், வயசு எழுவதுக்கு மேல. அவரை ஸ்கூலுக்குக் கூப்பிட்டோம். வந்து ஸ்டாஃப் ரூம் வாசல்லயே நின்னுட்டு "டீச்சரம்மா, நான் எழுத்து அதிகம் படிக்காதவன், உள்ள வரலாமா"ன்னு கேட்டாரு, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, "ஐயா நீங்கதான் இன்னிக்கு வாத்தியார், வாங்க"ன்னு கைய புடிச்சு கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையா ஒரு வேட்டியைப் புடிச்சா அதான் திரை. வேஷக்காரன் திரைக்குப் பின்னால நின்னு தான் யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்திருக்கேன்னு பாடிட்டுத்தான் முன்னால வரணும். கட்டியங்காரன், அதான் கூத்துல வர கோமாளி, அவன் மட்டும் ராஜாவையே கேள்வி கேக்கலாம், நடுவுல ஜனங்ககிட்டயும் பேசலாம். டெஸ்க்குதான் மிருதங்கம்.

கதைக்கு எங்கயும் போகல, நம்ம ஊர்க் கதைதான். 1690-ல இங்கிலீஷ்காரங்க தேவனாம்பட்டினம் கோட்டையை செஞ்சியில இருந்த மராத்தியர்கிட்டேர்ந்து வாங்கினாங்க, அதான் செயின்ட் டேவிட் கோட்டை. வாங்கும்போது கோட்டை மட்டும் இல்ல, கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போகுமோ அது வரைக்கும் இருக்கற ஊரெல்லாம் சேத்துன்னு பேச்சு. நாலா பக்கமும் சுட்டு குண்டு போன தூரத்தை எல்லையா வெச்சுக்கிட்டாங்க, குண்டு கிராமங்கள்னு அதுக்குப் பேரே வந்துடுச்சு. இதைக் கேட்டதும் புள்ளைங்க மூஞ்சியைப் பாத்திருக்கணும். "எங்க ஊரு அதுல வருமா டீச்சர்?"ன்னு எல்லாரும் கத்தினாங்க. கிரவுண்டுல சாக்பீஸால கடற்கரையும் கெடிலமும் உப்பனாறும் வரைஞ்சு, கோட்டை எடத்துல ஒரு ஆணி அடிச்சு, சணல் கயிறு கட்டி, கயிறை நீட்டி நீட்டி, குண்டு இவ்ளோ தூரம் போனா எந்தெந்த ஊரு மாட்டும்னு வட்டம் போட்டுப் பாத்தாங்க.

கூத்தை அவங்களே எழுதினாங்க. கம்பெனி தொரை ஒருத்தன், செஞ்சி ராஜா ஒருத்தன், பீரங்கி வேஷத்துக்கு ரெண்டு பேர். கட்டியங்காரன் வேஷத்தை கிளாஸ்ல வாயே தெறக்காத ஒரு பையன் கேட்டு வாங்கிக்கிட்டான். ஏன்னு எனக்கு அப்பறம்தான் புரிஞ்சுது, அந்த வேஷத்துல இருக்கும்போது என்ன கேள்வி கேட்டாலும் யாரும் அவனைத் தப்பு சொல்ல முடியாது. எழுதினதுல எனக்கு மறக்கவே மறக்காதது ஒரு கெழவி வேஷம், ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி தானா சேத்தது, பாடத்துலயும் இல்ல, நான் சொன்ன கதையிலயும் இல்ல. குண்டு விழுந்ததும் கெழவி முந்தானையை ஒதறிக்கிட்டு ஓடி வந்து தொரை முன்னாடி நின்னு, "குண்டு விழுந்தது எங்க கொல்லையில, காசு போனது செஞ்சியில, எனக்கு என்னாங்கடா மிச்சம்?"னு கேப்பா. அந்த ஒரு வரில இருக்கற சரித்திரத்தை என்னால ஒரு பீரியட் எடுத்தாலும் சொல்லியிருக்க முடியாது. கூத்து வாத்தியார் தாத்தா அதைக் கேட்டுட்டு தொடையில தட்டி "இது மேடைக்குப் போவ வேண்டிய வார்த்தை"ன்னாரு.

அதை என் போன்ல ரெக்கார்டு பண்ணினோம். ஒரே ஒரு போன், அதுல ஸ்பீக்கர் சத்தம் 38 பேருக்குப் பத்தல. போனை எவர்சில்வர் குடத்துக்குள்ள வெச்சா சத்தம் அதிகமாகும்னு ஒருத்தன், மண்பானையில வெச்சா கரகரப்பு இல்லாம வரும்னு ஒருத்தன், அதுக்கு ஒரு நாள் மத்தியானம் போயிடுச்சு, குடம், பானை, பக்கெட், தொட்டாங்குச்சின்னு ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்து, கண்ணை மூடிட்டு கை தூக்கி ஓட்டு போட்டு, பானைதான் ஜெயிச்சுது. இருக்கற கொஞ்சூண்டு டெக்னாலஜியை இப்படித்தான் பயன்படுத்தணும்னு தோணுது, படம் காட்ட வேணாம், அவங்க செஞ்சதைப் புடிச்சு வைக்க வெச்சுக்கலாம். பாட்டிங்ககிட்ட பேச்சு எடுத்துட்டு வாங்கன்னு ஒரு தடவ போனை ராத்திரி ஒரு புள்ளைகிட்டயே குடுத்து அனுப்பியிருக்கேன், பத்திரமா வந்துச்சு, கூடவே பாடப்புத்தகத்துல இல்லாத நாப்பது அம்பது வார்த்தை வந்துச்சு, காத்துக்கு, அலைக்கு, மேகத்துக்கு, வலை கிழிசலுக்குக் கூட தனித்தனியா பேரு.

கஷ்டமும் இருக்கு, மறைக்க விரும்பல. போர்ஷன் முடிக்கணும், பருவத்தேர்வு வரும், பக்கத்து கிளாஸ் டீச்சருக்கு சத்தம் தொந்தரவு, அவங்க சொல்றதும் நியாயம்தான். ஒரு அப்பா நேரா வந்து, "என்னா டீச்சர், புள்ள கூத்து கட்டிகினு திரியறான், படிப்பு எப்ப சொல்லித் தருவீங்க?"ன்னு கோவமாக் கேட்டாரு. அவருக்கு அந்தப் படிப்புதான் புள்ளையை கடலுக்குப் போகாம காப்பாத்தும்னு நம்பிக்கை, அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். உக்கார வெச்சு பையனோட நோட்டைக் காட்டினேன், மழைக் கணக்கு பூரா அதுல இருந்தது, தசம எண் கூட்டல், சராசரி, வரைபடம் எல்லாம். பாத்துட்டு ஒண்ணும் பேசல, அடுத்த வாரம் வலைக்கு வெச்சிருந்த நைலான் கயிறு ஒரு சுருள் குடுத்து அனுப்பினாரு. மார்க் விஷயத்துல நான் செய்யறது ஒண்ணுதான். எப்படியும் எஃப்.ஏ.க்கு (வளரறி மதிப்பீடு) செயல்பாடுன்னு மார்க் போட்டே ஆகணும், அந்த இருபது மார்க்குக்கு சார்ட் கேக்கறதில்ல, அவங்க நோட்டைத்தான் பாக்கறேன். அழகா இருக்குன்னு மார்க் கெடையாது. எத்தனை தடவ மாத்திப் பாத்தேன்னு எழுதியிருந்தா மார்க் உண்டு.

அந்த நைலான் கயிறு வந்ததுலதான் இன்னொரு புள்ளையைக் கண்டுபிடிச்சோம். படமும் வரைய மாட்டா, பேசவும் மாட்டா, கடைசி பெஞ்சு. கயிறைப் பாத்ததும் எழுந்து வந்து எடுத்து, ஒரு பட்டைக் குச்சியை வெச்சு கடகடன்னு கண்ணி போட ஆரம்பிச்சுட்டா. குச்சி எவ்ளோ அகலமோ அதை வெச்சுத்தான் கண்ணி அளவு, குச்சியை மாத்தினா வலை மாறும், எந்த மீனுக்கு எந்தக் கண்ணின்னு கேட்டதுக்கு விரலால காமிச்சா, நெத்திலிக்கு இவ்ளோ, சங்கராவுக்கு இவ்ளோன்னு. நாற்கரம் பாடம் அன்னிக்கு அவதான் எடுத்தா. கண்ணியை இழுத்தா சாய்சதுரம், விரிச்சா சதுரம், நாலு பக்கமும் மாறல, கோணம் மட்டும் மாறுது, புக்குல இருக்கற படத்துல அது அசையாது, அவ கையில அசைஞ்சுது.

இந்த வருஷ மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. போன வாரம் ஆறாங்கிளாஸ்ல புதுசா வந்த ஒரு வாண்டு கேட்டிருக்கு, "காத்தடிச்சு மழை சாய்வா பேஞ்சா பாட்டில்ல கம்மியாதான விழும், அப்ப நம்ம கணக்கு தப்புதான?" எட்டாவது அண்ணனுங்களாலயே பதில் சொல்ல முடியல. ஒரு பாட்டில் கிரவுண்டு நடுவுல, ஒண்ணு சுவத்தை ஒட்டி, ஒண்ணு கொஞ்சம் சாய்ச்சு, ஒண்ணு தரையில குழி தோண்டி வாய் மட்டும் வெளிய தெரியற மாதிரின்னு நாலு வைக்கறதா முடிவாகியிருக்கு. குழியில வைக்கறது அந்த வாண்டோட யோசனை. வீட்டுல நேரான ரெண்டு லிட்டர் பாட்டில் இருந்தா தூக்கிப் போடாதீங்க, எனக்கு இன்னும் மூணு வேணும்.